நீரின் எடை

இரங்கல் எழுதியவர்கள் சிமென்ட் என்றார்கள், காகிதம் என்றார்கள்,
பெயருக்குப் பின்னால் பூஜ்யங்களை எண்ணினார்கள்.
முப்பத்தொரு வருஷம் அவர் சொல்லச்சொல்லத்
தட்டச்சு செய்தவள் நான்.
என்னைக் கேட்டால்
ஹிபர்ட் கிரீசர் ஒரு தண்ணீர் வியாபாரி.

லூனன்பர்க் துறையில், பதினொரு வயதில்,
உப்பிட்ட காட் மீனை நிறுக்கிற வேலை.
வெயில் பட்ட மீன் கனக்காது.
மூடுபனி குடித்த மீனோ
தராசில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது.
வெயிலில் வாங்கு, பனியில் விற்றுவிடு.
யாரும் சொல்லித்தரவில்லை,
அவர் மூக்கே சொல்லிற்று.

பத்தொன்பதில் ஹாலிஃபாக்ஸ்.
பாதிரியாருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு,
புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு
வாசல் வாசலாக நின்று பத்திரம் விற்றார்.
பிரேசிலில் ஓர் ஊருக்கு டிராம் விட்டார்.
அந்த ஊரை அவர் பார்த்ததில்லை.
வரைபடத்தில் அதன்மேல்
காப்பிக் கோப்பையை வைப்பார்.

மான்ட்ரியல், செயின்ட் ஜேம்ஸ் தெரு, நான்காம் மாடி.
"எழுத்துப்பிழை வருமா, மிஸ் தீபோடோ?"
"பிரெஞ்சில் மட்டும், ஐயா."
சிரிக்கவில்லை.
வாரச் சம்பளத்தில் ஒரு டாலர் கூட்டினார்.

நொடித்த காகித ஆலைகள் மூன்றை
ஒரே கயிற்றில் கட்டி
யானை என்று விலை சொன்னார்.
பத்து லட்சம் பெறாத சொத்துக்கு
நாற்பது லட்சத்துக்குப் பங்கு.
பாலில் தண்ணீர் கலப்பது ஊரறிந்த தொழில்.
இவர் தண்ணீரில் பால் தெளித்தார்.
நுரை வந்தது.
நுரைக்கும் விலை வந்தது.

பிறகு நிஜத் தண்ணீரையே வாங்கினார்:
வடக்கே ஸ்ப்ரூஸ் காட்டுக்குள் ஓர் அருவி.
இன்னு மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர்
பத்திரத்தில் இல்லை.
எனக்குத் தெரியும், அந்த இடத்தில்
எண் ஒன்பது என்று அடித்தவள் நான்தான்.
அணையில் முதல் விளக்கு எரிந்த இரவு
அவர் போகவில்லை.
வயிற்றுப்புண். பாலும் ரஸ்க்கும். எட்டு மணிக்குப் படுக்கை.

இருபத்தொன்பது, ஆகஸ்ட்.
பிரிட்ஜ்வாட்டர் மரமண்டி ஓய்க்கிளுக்குக் கடிதம்.
"பலகை வந்து சேர்ந்தது. ஈரம் மிகுதி" என்றவர்
நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போனார்.
கீழே ஐஸ் வண்டி ஒன்று
தெருநெடுக ஒழுகிக்கொண்டே போனது.
"எல்லாம் விற்க" என்றார், கண்ணாடியைப் பார்த்தபடி.
அடுத்த வரி என்று நினைத்தேன். அடித்தேன்.
படித்தாரோ இல்லையோ, கையெழுத்துப் போட்டார்.

ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று.
என் மொழியில் சொல்லியிருந்தால்
தனக்குச் சொன்னாரா, பிறருக்கா என்றாவது தெரிந்திருக்கும்.
அந்தப் பிறர் நானாகவும் இருக்கலாம் என்பது
நவம்பரில்தான் உறைத்தது.
என்னிடம் அவர் கம்பெனியிலேயே நாற்பது பங்கு,
பதினேழு வருஷ மதியச் சாப்பாடு.

ஓய்க்கிள் விற்றிருந்தார்.
கையிலிருந்த அத்தனை பங்கையும், ஒரே நாளில்.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு
அன்னபோலிஸ் ஆப்பிள் ஒரு பீப்பாய் வந்தது,
"தங்கள் அறிவுரைக்கு நன்றி" என்ற சீட்டோடு.
கிரீசர் சீட்டைப் படித்தார்.
பீப்பாயைக் காலால் தள்ளித் தள்ளி
என் மேஜையருகே கொண்டுவந்து நிறுத்தினார்.
"இது உங்களைச் சேர வேண்டியது."
அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.
பதினான்கு குளிர்காலம், பதினான்கு பீப்பாய்.

பிப்ரவரியில் இறந்தார். மலைச்சரிவில் மண் இறுகிக் கிடந்தது.
உருகும்வரை பெட்டி கற்கிடங்கில் காத்திருந்தது,
ஏழு வாரம், நல்ல விலைக்குக் காத்திருக்கும் சரக்கு மாதிரி.
உறவென்று யாரும் வராததால் நான் போனேன்.

டிசம்பரில் பீப்பாய் மறுபடி வந்தது.
ஓய்க்கிள் மகனுக்குச் செய்தி எட்டவில்லை போலும்.
அவர் பெயருக்கு நானே கையெழுத்திட்டு வாங்கினேன்.
அழுகியதைப் பொறுக்கிவிட்டு
அலமாரித் தட்டில் அந்த நாற்பது பங்கையும் விரித்து
மேலே அடுக்கியிருக்கிறேன்.
உசத்தியான தாள்.
ஒரு சொட்டு ஈரம் உறிஞ்சவில்லை.