முப்பது அடிக்குள்

அரியமான் சவுக்குத் தோப்பு வாசலில்
எனக்கு வேலை ஒன்றுதான்.
டேப்பின் கொக்கியை முன் பம்பரில் மாட்டிவிட்டு
பின்னாலேயே நடப்பது.

'முப்பது அடிக்கு மேல் அனுமதி இல்லை.'
பலகையில் எழுதியது நான். பெயிண்ட் தீர்ந்துபோய்
'இல்லை' மட்டும் வெளிறிக் கிடக்கிறது.
வருகிறவர்கள் 'அனுமதி' வரைக்கும் படித்துவிட்டு
உள்ளே திருப்புகிறார்கள்.

நாச்சிமுத்து அப்படித்தான் திருப்பினார்.
கரூர்க்காரர். முப்பது வருஷம்
ஊரார் பஸ்ஸுக்கெல்லாம் கூடு கட்டியவர்
கடைசியாக ஒன்றைத் தனக்குக் கட்டியிருந்தார்.
மஞ்சள் வண்டி. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு,
பூப்போட்ட திரை, கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம்.
"இருபத்தொம்பதரை," என்றார் இறங்காமலே.
"கட்டுனவன் சொல்றேன்."

அளந்தேன்.
முப்பத்தொன்று, இரண்டு அங்குலம்.

"ஏணியைச் சேர்க்கக் கூடாது.
கொண்டையைச் சேர்த்தா உசரம் அளப்பீங்க?"

படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த பாவாத்தாள்
தலை நிமிராமல் சொன்னாள்:
"ஊட்டுக்கும் இதே கணக்குதான் போட்டாரு.
வாசப்படி பக்கத்து நெலத்துல நிக்குது."

விதி என்னுடையதில்லை.
உள்ளே கிணற்றடிக்கும் இரட்டைப் பனைக்கும் நடுவில்
ஒரு வளைவு.
முன்சக்கரம் இந்தப் பக்கம் ஒடிந்தால்
வால் அந்தப் பக்கம் வீசும்.
தண்ணீர்த் தொட்டியின் உடைந்த மூலையில்
மூன்று நிறம் ஒட்டியிருக்கிறது:
ஒரு வெள்ளை, ஒரு பச்சை,
பெங்களூர்க்காரர் ஒருவரின் விலை கூடின சாம்பல்.

"வேணும்னா கவர்மெண்ட் திடல் இருக்கு.
ரெண்டு கிலோமீட்டர்."
அங்கே இருபத்தைந்துதான். ஆனால் அளக்க ஆளில்லை.
காவலுக்கு இருக்கிற களஞ்சியம்
எல்லாருக்கும் இருபத்துநாலு என்று எழுதிக்கொள்வார்.
போன மாசம் ஹைதராபாத் வண்டி ஒன்று
இன்னொரு வண்டியை இழுத்துக்கொண்டு நுழைந்தது.
நுழைந்தது சரி.
வெளியே வருவதற்குக் கழிப்பறைச் சுவரை இடித்தார்கள்.
இன்னும் கட்டவில்லை. பெண்கள்
குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நாச்சிமுத்து ஸ்பேனர் எடுத்தார்.
ஏணி கழன்றது. சைக்கிள் மாட்டுகிற கம்பி கழன்றது.
மறுபடியும் டேப்.
முப்பது, மூன்று அங்குலம்.

பின்பம்பரைத் தடவிப் பார்த்தார்.
சுத்தியலால் அவரே தட்டி வளைத்தது, தெரிந்தது.
"ஆக்ஸா பிளேடு இருக்குதுங்களா?"

இருந்தது. நான் எடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் படகையும் ஒருநாள் அளந்தார்கள்,
டீசல் அட்டைக்கு. அணியத்திலிருந்து அமரம் வரை.
அரையடி கூடிப்போனது.
அமரத்துப் பலகையை அறுத்த ராத்திரி
அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார்.
படகு அப்புறமும் ஓடியது. கச்சான் அடிக்கும்போது மட்டும்
திசை மறந்ததுபோல ஆட்டம் காட்டும்.

"பிளேடு துருப்பிடிச்சிருச்சு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு
வளைவை நடந்து பார்த்தார், குதிகால் கட்டைவிரல்
குதிகால் கட்டைவிரல் என்று மணலில் எண்ணிக்கொண்டு.
இரண்டு தரம் நடந்தார். மூன்றாம் தரம் பாதியில் நின்று
பனையை முறைத்தார்.

பிறகு ஏறினார்.
தொட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே
நான் உள்ளங்கையை நிறுத்தி வைத்திருந்தேன்.
சூடான தகரம் கையைத் தொட்டது. தொட்டுக்கொண்டே போனது.
பாவாத்தாள் ஜன்னல் வழியாகத்
தலையை நீட்டி, உள்ளே இழுத்து, மறுபடி நீட்டினாள்.
போய்விட்டது.

பதிவேட்டில் நீளம் என்று ஒரு கட்டம்.
அடி மட்டும்தான் கேட்கும், அங்குலம் கேட்காது.
முப்பது என்று எழுதினேன்.
ஏணிக்குத் தனி வரி:
'கூடாரம் ஒன்று, சிறியது, நூறு ரூபாய்.'
முதலாளி சென்னையில் இருக்கிறார்.
கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்.

மூன்று நாள் இருந்தார்கள்.
பனையில் சாய்த்த ஏணியில்
ஈரச் சேலை காய்ந்தது.

நாலாம் நாள் விடியுமுன் கிளம்பிப்போனார்கள்.
வாளியோடு கிணற்றடிக்குப் போனேன்.
தொட்டியின் மூலையில் நாலாவதாக ஒரு நிறம்:
மஞ்சள்.
சின்னதுதான். மூன்று அங்குலம் இருக்கலாம்.
டேப் இடுப்பில்தான் தொங்கியது.
நான் அளக்கவில்லை.