எந்தத் தலைப்பில்

சிலிம் ரிவர் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில்
நான் கிராணி.
ஏழு பயிற்சி இடம் கேட்டு எழுதினோம்.
இரண்டு வந்தது.
அதிலும் ஒன்று
‘நிதி நிலையைப் பொறுத்து.’

அந்த ஒன்றுக்குத்தான்
டாக்டர் யோகமலர் காத்திருக்கிறார்,
மயக்க மருத்துவம் படிக்க,
மூன்று வருடமாய், ஒப்பந்தத்தில்.
ஒப்பந்தம் என்றால் என்னவென்று
இந்த ஊரில் யாரும்
அகராதி புரட்டுவதில்லை.

முந்தாநாள் மழையில்
செம்பனைக் குலை விழுந்து கால் நசுங்கியவனை
லோரியில் கொண்டுவந்தார்கள்.
அறுக்கத் தெரிந்தவர் இருந்தார்.
உறங்கவைக்கத் தெரிந்தவர் இல்லை.
ஈப்போவுக்கு ஆம்புலன்ஸ்.
யோகமலர் கூடவே ஏறினார்,
ஒரு கையில் ரத்தப் பையை உயர்த்தி,
மறு கையால் கம்பியைப் பிடித்து.

இன்று டீசல் பில் என் மேசையில்.
அறுபத்திரண்டு ரிங்கிட், நாற்பது சென்.
காலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
‘போக்குவரத்து’ என்று எழுதினேன்.
அடித்தேன்.
‘மருத்துவர் பயிற்சி’ என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில்
இந்த வருடத்தின் முதல் தொகை அது.
தணிக்கைக்காரர் கேட்பார்.
கேட்கட்டும்.

பசியாறப் போகும் நேரம்
யோகமலர் வந்தார்.
அனுபவச் சான்று வேண்டுமாம்,
சிங்கப்பூரில் கேட்கிறார்களாம்.
கண்ணைப் பார்க்காமல் தாளை நீட்டினார்.
நானும் பார்க்கவில்லை.

முத்திரைப் பெட்டியில் மை காய்ந்திருந்தது.
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குத்தினேன்.
வெளிறித்தான் விழுந்தது.
“படிக்க முடிகிறதா டாக்டர்?”

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு
“போதும்” என்றார்.