வாலுக்கு மட்டும்

டவுன்ஹால் ரோட்டு மாடியில்,
உதிரிபாகக் கடைக்கு மேலே,
துண்டை விலக்கிக் காட்டினார் ஞானதிரவியம்.
ஒரு சாண் நாய். வெண்கலம்.
காது மடங்கி, விலா எண்ணும்படி,
வேட்டைக்குக் கிளம்புகிற நிற்பு.

"நாயக்கர் காலம்" என்றார்,
கொடுத்த தொகையைச் சொல்லும் குரலில்.

கழுத்துக் களிம்பில் ஈரப்பஞ்சை ஒற்றினேன்.
பஞ்சு பச்சையாயிற்று.
அடிவயிற்றில் அரம் ஓடிய கோடுகள்,
எல்லாம் ஒரே அகலம்.
கருவியை வைத்தால்
துத்தநாகம் முப்பத்து நாலு:
போன வருஷத்துத் தண்ணீர்க் குழாய்கள்.

"வால்ல வச்சுப் பாருங்க மேடம்,
தரகர் அங்கதான் சுரண்டிக் காட்டினாரு."

வைத்தேன்.
செம்பு, வெள்ளீயம், துளி காரீயம்.
சுருளின் உள்மடிப்பில்
பச்சைக்குக் கீழே செங்கல் சிவப்பு.
சீவ மறந்த ஓரத்தில்
மெழுகு இளகியிருந்தபோது பதிந்த
யாரோ ஒருவரின் நகம்.

வால் பழசு என்றேன்,
முந்நூறு வருஷத்துக்குக் குறையாது.
மற்றதெல்லாம்
வாலுக்கு முளைத்த நாய்.

கீழே யாரோ பேரிங் விலை கேட்டார்கள்.
அவர் பதில் சொல்லவில்லை.
வெகுநேரம் கழித்து,
"அப்ப வாலை மட்டும் பதிவு பண்ணணுமா?"

படிவத்தில் 'உருவம்' என்றொரு கட்டம்.
'நாய்' என்று எழுதப்போன பேனா நின்றது.
நாய் இவ்வளவு இறுக்கிச் சுருட்டாது.
சிங்கமோ, யாளியோ,
குரங்காகக்கூட இருக்கலாம்.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
எந்த வீட்டு அலமாரியிலோ
பின்பக்கம் சுவரோடு ஒட்டி
நின்றுகொண்டிருக்கும் அது,
துடைக்க வருகிறவர்
திருப்பி வைக்கும்வரை
முழுசாக.