நடுக்கோட்டின் பக்கம் வெல்கா

ராஸ்லேரில் கப்பல் வாய் திறந்ததும்
மஞ்சள் பலகை ஒன்று ஐந்து மொழிகளில் சொன்னது:
இடப்புறமாக ஓட்டுக.
ஐந்தில் எங்கள் மொழி இல்லை.
அம்புக்குறி இருந்தது, அது போதும்.

வண்டி லியபாயாவிலிருந்து எங்களோடு வந்தது.
பழைய வோல்வோ, இடப்பக்கம் ஸ்டீயரிங்.
ஊரில் அது என்னை நடுக்கோட்டருகே உட்கார வைக்கும்.
இங்கே வேலியோரம் தள்ளிவிட்டது;
முட்செடிகள் என் ஜன்னலை உரசிக்கொண்டே வந்தன.
நடுக்கோட்டின் பக்கம் வெல்கா,
ஸ்டீயரிங் இல்லாமல், பிரேக் இல்லாமல்,
எதிரே வரும் லாரியெல்லாம்
தன் மடியில்தான் இறங்கப்போகிறது என்பதுபோல்
வலது காலால் மிதியடியை அழுத்தியபடி.

பேசவில்லை.
போலந்து முழுக்கப் பேசவில்லை, ஜெர்மனி முழுக்கவும்.
அவளுடைய தேனீப் பெட்டிகள் பதினொன்றையும்
கேட்காமல் விற்றுத்தான்
இந்தக் கப்பல் சீட்டை வாங்கியிருந்தேன்.

கடிகாரக் கைப் பக்கம், கடிகாரக் கைப் பக்கம் என்று
நான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.
முதல் ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினேன்.
வெளியேறும் வழி தெரியாமல் அல்ல.
உள்ளே இருக்கும்வரை
எல்லோரும் ஒரே திசையில் போனார்கள், அதனால்.

சுங்கச்சாவடியின் சாளரம் அவள் பக்கம்.
நான் நீட்டிய காசை வாங்கிக் கொடுத்தாள்.
உள்ளே இருந்த பெண் என்னவோ சொல்ல
வெல்கா சிரித்தாள்.
மீதிச் சில்லறை என் கைக்கு வருவதற்குள்
அந்தச் சிரிப்பு முடிந்திருந்தது.

கிளேர்மாரிசுக்கு முன்னால் ஒரு டிராக்டர்.
கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிய புல் உருளைகள்
ஒன்றின்மேல் ஒன்றாக.
மணிக்கு இருபது.
என் இருக்கையிலிருந்து தெரிந்தது
கறுப்பு மட்டும்.
முந்துவதென்றால் வண்டியின் பாதியை
எதிர்த்தடத்தில் நுழைத்துப் பார்க்கவேண்டும்.
அந்தப் பாதியில் அவள் இருந்தாள்.

ஒன்பது கிலோமீட்டர்.
எங்களுக்குப் பின்னால் ஒரு ரொட்டி வேன், ஒரு பள்ளிப் பேருந்து,
அதற்கும் பின்னால் யார் யாரோ.
ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
அதுதான் தாங்க முடியவில்லை.

கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து
வெல்கா எட்டிப் பார்த்தாள்.
"இல்லை" என்றாள்.
பதினாறு நாளில் முதல் சொல்.
ஒரு லாரி இரைந்துகொண்டு போனது.
"இல்லை."
"இல்லை."
பிறகு, "போ."

போனேன்.
அந்த ஓரெழுத்தைத் தவிர
வேறு சாலை எதுவும் என் கண்ணில் படவில்லை.
டிராக்டர்க்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார்.
வைகிறார் என்று நினைத்தேன்;
வணக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

கை நடுங்கி ஒரு வயல் வாசலில் நிறுத்தினேன்.
"கேட்டிருந்தால்
ஒன்பதை விற்கச் சொல்லியிருப்பேன்" என்றாள்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு வருஷம் காளான் கொட்டகைகள்.
கொலுமின் வேனுக்கு வலப்பக்கம் ஸ்டீயரிங்,
அதில் எல்லாம் எனக்கே தெரியும், தனியாகவே முந்துவேன்.
இண்டிகேட்டர் என்று வைப்பரைத் தட்டி
வெயிலைத் துடைத்துக்கொண்டு வளைவேன்.
"ஐவர்ஸ் திரும்பப் போகிறான்" என்பார்கள் பையன்கள்.

இந்த ஆகஸ்டில் வோல்வோவிலேயே ஊருக்குப் போனோம்.
குல்திகா சாலையில் ஒரு வைக்கோல் வண்டி.
எதிரே இரண்டு கிலோமீட்டருக்கு
ஈ காக்கை இல்லை, எனக்கு நன்றாகத் தெரிகிறது.
ஆனாலும் என் கால் அழுத்தவில்லை.

"என்ன?" என்றாள்.
"ஒன்றுமில்லை."

கொஞ்ச தூரம் அப்படியே போனோம்.
பிறகு கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி,
பழைய கவனத்தோடு பார்த்து
"போ" என்றாள்.

அவள் பக்கத்திலிருந்து
வைக்கோல் மட்டும்தான் தெரியும்.