ஏழாவது விலா

பூசி மெழுகுவதுதான் என் பிழைப்பு.
ஓலமோட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து ட்ராமில் வந்தால்
இடப்பக்கம் ஒரு மஞ்சள் கட்டடம் வரும்,
அது என் மஞ்சள்.
பல்மருத்துவர் அறையின் வெளிர்பச்சையும் நான்தான்.
ஆற்றோரப் பள்ளியின் படிக்கட்டுச் சுவரில்
மூன்று தடவை அடித்த பிறகும்
பழைய சிவப்பு எட்டிப் பார்த்தது.
நான்காவதில் அடங்கியது.

அதனால் போட்டி அரங்கில் எல்லோரும் கேட்டார்கள்:
"என்ன போர்ஷிவோய், டப்பா தீர்ந்துவிட்டதா?"

சுற்றிலும் வெள்ளியாய், ஆலிவ் பச்சையாய், பளபளப்பாய்
போருக்குப் போகத் தயாராக நாற்பது விமானங்கள்.
நடுவில் என் கிளைடர்
குளிக்கப் போனவனைப் போல நிற்கிறது.
இடது இறக்கைக்கு மட்டும் மெல்லிய தாள்,
அதன்மேல் நிறமில்லாத வார்னிஷ்.
பின்னால் விளக்கைப் பிடித்தால்
வெங்காயச் சருகுக்குள் விலாக்கள் தெரியும்.
வலது இறக்கைக்கு அதுவும் இல்லை.
இருபத்தியிரண்டு விலாக்கள், ஒரு நடுச்சட்டம்,
பித்தளை ஆணிகள், தையல் நூல்,
அவசரத்தில் வழிந்து
தேன்துளியாய் உறைந்த பசை.

நானும் வண்ணம் வாங்கித்தான் வைத்திருந்தேன்.
பாலாடை வெள்ளை, வாலுக்குச் சிவப்புக் கோடு.
தூரிகையைக்கூட நனைத்துவிட்டேன்.

சுவர் சுரண்டுகிறவன் பார்க்காததில்லை.
ஐந்து நிறங்களுக்குக் கீழே
எவனோ கொத்தன் போட்ட கூட்டல் கணக்கு,
குடித்த பியருக்கு ஆறு கோடுகள்,
ஒரு முறை, சமையலறை ஒன்றில்,
"இந்த மூலை கோணல், எனக்குத் தெரியும்" என்று
பென்சிலில்.
அதன்மேலும் அடித்தேன்.
கூலி வாங்கினேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய் இரவு
ஒரு கையில் பசை, மறு கையில் ஏழாவது விலா,
தொலைபேசி அடித்தது.
தம்பி ஒட்டகர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான்,
எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள் ஒரு பெண்.
தாள் எங்கே தேடுவது?
பால்சா மரம் மிருது.
பேனா அழுந்தி, ஒன்பது இலக்கமும் பள்ளமாகவே பதிந்தன.
பதினோரு நாள் அந்த விலாவைப் பார்த்துத்தான்
மருத்துவமனையைக் கூப்பிட்டேன்.
பன்னிரண்டாம் நாள் கூப்பிடவில்லை.

பயப்படாதீர்கள். ஒட்டகர் அதோ,
ஊன்றுகோலோடு சாசேஜ் வரிசையில்,
முன்னால் நிற்பவரிடம் சண்டை போட்டுக்கொண்டு.

ரப்பரால் அழித்துப் பார்த்தேன், போகவில்லை.
உப்புத்தாள் போட்டால் விலா இளைத்துவிடும்.
வேறொன்று வெட்டி ஒட்ட அரைமணி நேரம் போதும்.
அந்த அரைமணி நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை
என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடுவர் ஸ்வதாவா அம்மையார்
கைவிளக்கும் பூதக்கண்ணாடியுமாகக் குனிந்தார்.
விலா விலாவாக நகர்ந்தவர்
ஏழில் நின்றார்.
"இது தொழிற்சாலை எண்ணா?"
"இல்லை, எலும்பு முறிவுப் பிரிவு."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.
'வண்ணப்பூச்சு' என்ற கட்டத்தில்
பூஜ்யம் போடவில்லை,
ஒரு சிறு கோடு இழுத்தார்.
கூட்டும்போது இரண்டும் ஒன்றுதான்.
பதினேழாவது இடம்.

பிறகு ஒட்டகர் வந்தான், வாய் நிறைய ரொட்டியோடு.
"முடிக்காமலா கொண்டுவந்தாய்?" என்றவன்
முடிந்ததா என்று தொட்டுப் பார்க்கிறவனைப் போல
விரலை நீட்டி ஒன்பதாவது விலாவைத் தொட்டான்.
விரலில் கடுகுச் சாந்து.

கைக்குட்டையை எடுப்பதற்குள்
மரம் அதைக் குடித்துவிட்டிருந்தது.