ஜூலை வெள்ளை

நாட்டின் வெள்ளை மக்காச்சோள விலையெல்லாம்
ராண்ட்ஃபொன்டைன் வாசலில் நின்றுதான் எண்ணப்படும்.
எத்தனை மைல் தள்ளி விளைந்ததோ
அத்தனைக்கு லாரிக்கூலி கழித்துக்கொள்வார்கள்.
ஊருக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை.
தங்கம் தோண்டிப் போட்ட மஞ்சள் மண்மேடு,
ஒரு பெட்ரோல் பங்க்,
பனியில் கருகிய புல்,
நடுவே எங்கள் சைலோ.
அதில் தரம் பார்ப்பவன் நான்.

செவ்வாய் காலை
சின்ன வெள்ளைக் காரில் வந்தாள் லோகாம்பாள் முன்சாமி.
லெனேசியாவில் பல்செட் செய்யும் கூடம் வைத்திருப்பவள்.
கையில் நான்காய் மடித்த ரசீது:
நூறு டன், வெள்ளை, முதல் தரம்.
"என் சோளத்தைப் பார்க்கணும்."

பதினேழு வருடத்தில்
இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

மார்ச்சில் ஃபோனிலேயே வாங்கினாளாம்,
மழை பொய்க்கும் என்று யாரோ சொன்னதை நம்பி.
விற்றுத் தலைமுழுக வேண்டிய கடைசி நாளில்
ஒரு கிழவரின் மேல்தாடைக்கு
மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள்.
மறந்துபோயிற்று.
ஏட்டுச் சுரைக்காய் காய்த்துவிட்டது,
நாலு லட்சத்து இருபதாயிரம் ராண்ட் கனத்தில்.

யாரும் வருவதில்லை அக்கா, என்றேன்.
சிகாகோவில் ஒரு நாளில் கை மாறும் கோதுமை
ஒருவர் சட்டையிலும் உமியாய் ஒட்டுவதில்லை.
லண்டனில் செம்பு, யாரும் தட்டிப் பார்ப்பதில்லை.
நியூயார்க்கில் மலை மலையாய்ச் சர்க்கரை,
ஓர் எறும்பு கிடையாது.
கோலாலம்பூரில் பாமாயில்,
விரலில் பிசுக்கில்லை.
சீனாவில், டாலியனில், முட்டை.
நிஜமாக, முட்டை.
கோழி இன்னும் போடாத முட்டை.

முட்டைக்குத்தான் சிரித்தாள்.
பிறகு, "என்னுடையது எது?" என்றாள் மறுபடி.

மேலே அழைத்துப் போனேன்.
கம்பித் தளத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.
இருட்டு, தூசி, கீழே எங்கோ வெளுப்பாய் ஒரு பரப்பு.
பதினாலாயிரம் டன்னில் உங்கள் நூறு, என்றேன்.
போத்தவில்லில் விளைந்ததா, லிக்டன்பர்க்கா,
எனக்கே தெரியாது.

மாதிரித் தட்டை நீட்டினேன்.
ஒரு மணியை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பினாள்.
"ஏ-டூ," என்றாள்.
"ஐம்பது வயதுக்காரர் முன்பல்லுக்கு
இந்த நிறம்தான் கொடுப்பேன்."
மணியின் உச்சியில் இருந்த குழியை
நகத்தால் தொட்டாள்.
"கடைவாய்க்கும் இதே பள்ளம்."

ஞாயிறன்று கோயிலில் ஆடிக் கூழாம்.
அண்டாவுக்குப் பத்துக் கிலோ என்று
வாய்விட்டுக் கணக்குப் போட்டாள்,
பத்து வரை தமிழில், அதற்குமேல் ஆங்கிலத்தில்.
பத்தாயிரம் அண்டா.
இந்த நாட்டில் அத்தனை மாரியம்மன் இல்லை.

பதினொன்று நாற்பதுக்குத் தரகன் கூப்பிட்டான்.
அயோவாவில் நல்ல மழையாம்.
"அயோவா எங்கே இருக்கிறது?" என்று
என்னைக் கேட்டாள், ஃபோனைப் பொத்திக்கொண்டு.
தூரத்தில், என்றேன்.
எங்கள் வானத்தில் மேகத்துணுக்குகூட இல்லை.

எடைப்பாலத்துச் சுவரில் சாய்ந்தபடி விற்றாள்.
டன்னுக்கு நூற்றெண்பது போயிற்று.
"ஆறு பேருக்கு முழுப் பல்செட்,"
என்று மட்டும் சொன்னாள்.
உள்ளே சோளம் ஒரு விரற்கடை நகரவில்லை.
ரசீதில் வேறொரு பெயர்.

தட்டில் இருந்ததைக் கேட்டாள்.
மாதிரியைக் கொட்டிலில் திருப்பிப் போடவேண்டும், அதுதான் விதி.
இரண்டு கிலோ இருக்கும்,
ரொட்டி வந்த பையில் கட்டிக் கொடுத்தேன்.

வெளியேறும் வண்டி எதுவும்
எடைப்பாலத்தில் ஏறித்தான் போகவேண்டும்.
வந்தபோது ஆயிரத்து நாற்பது.
போகும்போதும் அதே ஆயிரத்து நாற்பது:
இருபது கிலோவுக்குக் கீழ்
எங்கள் பாலத்துக்குக் கண் தெரியாது.

டெபோகோ பேரேட்டில் எழுதிக்கொண்டான்:
வெற்று வண்டி.
பிறகு தலை நிமிர்ந்து,
"அந்த அம்மா எதற்கு வந்தார்கள்?" என்றான்.