ஹெய்னோ உள்ளே வந்த இரவு

மூன்று மணி பன்னிரண்டுக்கு
வூரு நகரத்துப் பால் கூட்டுறவின் வாசலில்
நாற்பதாயிரம் பேர் ஒரே நொடியில் வந்து
இன்றைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார்கள்.

ஒருவரும் மனிதர் இல்லை.
சாவோ பாவ்லோவில் ஒரு கதவுமணிக் கேமரா,
இஸ்மீரில் ஒரு மீன்தொட்டி வெப்பமானி,
யார் வீட்டிலோ குழந்தையின் தூக்கத்தைப்
பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரு கண்.
பதிலுக்குக் காத்திராமல்
மறுபடி கேட்டார்கள். மறுபடி. மறுபடி.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
வாசலைக் குறுக்கினேன்.
எஸ்தோனிய முகவரிகள் மட்டும். பிறகு இந்த மாவட்டம்.
பிறகு, லாரி ஓட்டுநர்கள் பதினோரு பேரின் கைபேசி மட்டும்.
சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கச் சிறிதாக்க
மாவும் மேலேயே தங்கிவிடும்.
தெரிந்துதான் செய்கிறோம்.

முன்வாசலில் இத்தனை கூச்சல் என்றால்
பின்பக்கம் பார்.
இதைச் சொல்லித் தந்தது எந்தப் பயிற்சியும் அல்ல.
ரீகா பேருந்து நிலையத்தில் ஒருவன்
என்மேல் காபியைக் கொட்டி, மன்னிப்பு மேல் மன்னிப்பாகக்
கேட்டுக்கொண்டிருந்தபோது
காணாமல் போன கைப்பை.

பார்த்தேன்.
பின்பக்கம் அமைதியாக இருந்தது.
ஒரே ஒருவர் உள்ளே இருந்தார்.
ஹெய்னோ கிவிலா.
கடவுச்சொல்லை ஒரே தடவையில் சரியாக அடித்திருந்தார்.

ஹெய்னோவை நவம்பரில் புதைத்தோம்.
உயிரோடிருந்தவரை அவர் ஒரு நாளும்
ஒரே தடவையில் சரியாக அடித்ததில்லை.

அந்தக் கணக்கை மூடுவது என் வேலை.
பட்டியலில் இருந்தது.
ஒவ்வொரு வெள்ளியும் அடுத்த வெள்ளிக்குத் தள்ளினேன்.
அவருக்கு எழுதினால் இன்னும் பதில் வரும்:
"விடுப்பில் இருக்கிறேன். திங்களன்று திரும்புவேன்.
அவசரம் என்றால் மாரிகாவைக் கேளுங்கள்."
மாரிகா நான்தான்.
டிசம்பரில் இரண்டு தடவை எழுதினேன்,
அவசரம் ஒன்றுமில்லாமல்.

எங்கோ கசிந்த பட்டியலில் கிடைத்த சாவியோடு
எவனோ இப்போது அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறான்.
கோப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்.
காப்புப்பிரதி எங்கே என்று தேடுகிறான்.
ஹெய்னோ தேடமாட்டார்.
வைத்ததே அவர்தான்;
எந்தக் கம்பியும் தொடாத அலமாரியில்,
பிஸ்கட் டின்னில்.

"இந்தப் பயனரை மூடவா?
மீண்டும் திறக்க முடியாது."
உடனே மூடியதாக அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.
பதிவேட்டில் நான்கு விநாடி இருக்கிறது.

பிறகு கீழே ஓடி
நீலக் கேபிளைப் பிடுங்கினேன்.
பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின.
கூட்டுறவு இருட்டில் நின்றது,
எவருக்கும் திறக்காமல், எங்களுக்கும்.

நாலரைக்கு மாடுகள் எழுந்தன.
அவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.
"பெட்டி சொல்லாவிட்டால் எனக்கு வழி தெரியாதா?"
என்றார் அர்வோ.
பதினாறு பண்ணைக்குத் தெரிந்திருந்தது.
பதினேழாவது திருப்பத்தைப் பனி மூடியிருந்தது.

பத்து மணிக்கு அந்தப் பண்ணையிலிருந்து லைனி பேசினாள்.
தொட்டி நிரம்பிவிட்டது, திறந்துவிட்டேன் என்றாள்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
"வெள்ளைமேல் வெள்ளை, எதுவும் தெரியவில்லை.
ஆவி மட்டும் வந்தது" என்றாள்.

மாலையில் படிவம் நிரப்பினேன்.
சேவை நின்ற நேரம்: பன்னிரண்டு மணி, ஐந்து நிமிடம்.
கசிந்த தரவு: தெரிந்தவரை இல்லை.
காரணம்: மூடப்படாத கணக்கு.
பொறுப்பு: என் பெயர், முழுதாக.
பிற இழப்புக்கு மிகச் சின்னக் கட்டம்.
எண்ணூறு லிட்டர் என்று எழுதியும்
அரை வரி மிச்சம் இருந்தது.
விட்டுவிட்டேன்.

கடைசியில் கிழமை கேட்டார்கள்.
நாட்காட்டியைப் பார்த்தேன்.
திங்கள்.